உன் கோடும் என் புள்ளியும்

இன்று காலை மருமகள் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "மாமா, கேஸ் தீரப் போகுது போல. அடுப்பு செவப்பா எரியுது."

பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனேன். தீ சரியில்லை என்று யார் சொன்னாலும் போட்டது போட்டபடி போய் நின்றுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். முழங்கால் வலியைத் திட்டிக்கொண்டே குனிந்து, அடுப்புக்கு அடியில் கையை விட்டு, குழாயில் இருக்கிற சின்ன வளையத்தைத் தடவிக் கண்டுபிடித்து ஒரு மயிரிழை திருப்பினேன். காற்று கூடியது. சிவப்பு இறங்கி நீலம் ஏறியது. தோசைக்கல்லின் அடியில் கரி ஏறுவது நின்றது.

"இப்ப உங்க ஃபிரெண்டு இருந்தா என்ன சொல்லுவாரு மாமா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள் உன்னைப் பார்த்ததே இல்லை. நான் சொல்லிச் சொல்லிக் கேட்டதுதான்.

என்ன சொல்லுவாய் என்று எனக்கா தெரியாது? "போதும் வுடு மச்சான், ஊர்க் காத்த எல்லாம் உள்ள வுட்டுகினு கீற" என்பாய். காதுக்குப் பக்கத்தில் சொன்ன மாதிரி கேட்டது. அப்புறம் தோசை இறங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் வேலை செய்த கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில் பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை. வண்டிகளுக்கு ரப்பர் புஷ்ஷும் வாஷரும் செய்கிற இடம். ரப்பரை அச்சில் வேகவைக்க நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர் வேண்டும், பாய்லருக்கு நாம் இரண்டு பேர் வேண்டும். முதலில் இருந்தது ஆயில் பர்னர். அதன் புகை பக்கத்து மாத்திரைக் கம்பெனியின் ஜன்னலில் படிகிறது என்று ஓயாத தகராறு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முதலாளி பொறுக்க முடியாமல் கேஸ் பர்னர் வாங்கி மாட்டினார். பின்பக்கம் கொட்டகையில் பெரிய சிலிண்டர்கள் வரிசையாக வந்து நின்றன. பர்னருக்குப் பக்கத்தில் காற்றை ஊதும் புளோயர்; அதன் வாயில் திருப்பினால் திறந்து மூடும் ஒரு வட்டத் தகடு. டேம்பர் என்போம். நமக்குள் வந்த சண்டை அத்தனையும் அந்தத் தகட்டினால் வந்ததுதான்.

கேஸும் காற்றும் பதமாகச் சேர்ந்தால் தீ நீலமாக, நுனியில் மட்டும் லேசாக மஞ்சள் காட்டி, சத்தமில்லாமல் நிற்கும். காற்று போதாவிட்டால் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டு ஆடும். உள்ளே கரி பிடிக்கும், நமக்குக் கண் எரியும். காற்று மிஞ்சினால் தீ பர்னரை விட்டு விலகி நின்று இரையும், சூடெல்லாம் சிம்னி வழியாக வானத்துக்குப் போகும். இன்னும் மிஞ்சினால் அணைந்தே போய் பாய்லர் தானாக நின்றுவிடும், டிரிப் ஆகிவிடும். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரிடமும் சர்டிபிகேட் இருந்தது. இருந்தும் என்ன பயன்?

உனக்கு முதல் ஷிப்ட், எனக்கு இரண்டாவது. நீ கள்ளிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் விடிய வந்து, புதுச் சிலிண்டர்களை மாட்டிப் பற்றவைப்பாய். நான் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து மத்தியானம் ரயிலேறி வருவேன். வந்ததும் கண்ணாடி வழியாகத் தீயைப் பார்ப்பேன். மஞ்சளாக ஆடிக்கொண்டிருக்கும். டேம்பரைப் பார்த்தால் நீ நன்றாக மூடி வைத்திருப்பாய்.

"ஏன்டா, தீயோட மூக்கைப் பிடிச்சு வச்சிருக்கியே, அது எப்படிடா மூச்சு விடும்?" என்று திறப்பேன்.

"நீ தொறந்து வச்சிட்டுப் போன லட்சணத்துல காலைல சளி புடிச்ச மாரி தும்முது மாமே. ரெண்டு வாட்டி அணைஞ்சி போச்சு. நான்தான் மூடி காப்பாத்தினேன். இன்னா, தேங்க்ஸ் சொல்லு."

எனக்குச் சுர்ரென்று வரும். நீ சிரித்துக்கொண்டே பேசுவாய், அதுதான் இன்னும் எரிச்சல். ஒருநாள் அரத்தை எடுத்துக்கொண்டு வந்து டேம்பரின் விளிம்பில் ஒரு கோடு கீறினாய். "இதான் கரீட்டு. இத்த தாண்டாத." மறுநாள் நான் பெயிண்ட் டப்பாவோடு போய், கொஞ்சம் தள்ளி ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். அன்றிலிருந்து காலையில் அது உன் கோட்டுக்குப் போகும், மத்தியானம் என் புள்ளிக்கு வரும். ஷிப்ட் மாறுகிற கொஞ்ச நேரம் முழுக்க இதே பஞ்சாயத்துதான். அச்சுப் பிரிவு ஆட்கள் வேடிக்கை பார்க்கவே டீயை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

ஆனால் அந்தத் துண்டை என்ன சொல்ல?

சிலிண்டரிலிருந்து கேஸ் வேகமாகப் போகப் போக, சிலிண்டர் குளிர்ந்து அடியில் வெள்ளையாகப் பனி பூத்துவிடும். கத்திரி வெயிலிலும் பூக்கும். நான் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்து சேரும்போது முகம் வெந்துபோயிருக்கும். நீ எனக்காக ஒரு துண்டை நனைத்து, பனி பூத்த சிலிண்டரின் மேல் சுற்றி வைத்திருப்பாய். சண்டை உச்சத்தில் இருந்த நாட்களிலும் அந்தத் துண்டு இருந்தது. அதை எடுத்து முகத்தில் அப்பிக்கொண்டே உன்னைத் திட்டியிருக்கிறேன். எப்போது தொடங்கியது, ஏன் தொடங்கியது என்று நாம் பேசிக்கொண்டதே இல்லை. அந்தக் குளிர்ச்சிக்கு ஈடாக இன்றுவரை எனக்கு எதுவும் கிடைக்கவில்லையடா. மகன் ஏசி வாங்கிப் போட்டிருக்கிறான். அதில் படுத்தால் எனக்குத் தும்மல்தான் வருகிறது.

பிறகு அந்த வருஷம் வந்தது. அப்பா டிபென்ஸ் ஃபாக்டரியிலிருந்து ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். திருமுல்லைவாயிலில் வாடகைக்கு வீடு பார்த்திருந்தோம். வீட்டில் சம்பாதிக்கிறவன் நான் ஒருவன்தான். அந்த நேரம் பார்த்து பாய்லர் தகராறு முதலாளி காதுக்குப் போனது. கேஸ் அதிகமாகச் செலவாகிறது, காலையில் டிரிப் ஆகிறது, சாயங்காலம் கரி பிடிக்கிறது. "ரெண்டு பேர்ல ஒருத்தன் கை சரியில்ல. யாருன்னு தெரிஞ்சாகணும்" என்று பர்னர் மெக்கானிக்கை வரவழைத்தார்.

மெக்கானிக் வந்தது காலை நேரம். கண்ணாடியில் பார்த்தார், சிம்னியில் புகையை அளக்கும் மானியைச் செருகிப் பார்த்தார், தகட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தி நிறுத்தினார். அது மிகச் சரியாக உன் கோட்டில் நின்றது. "இதுதான் சரி. யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் நான் வந்தபோது தீ மஞ்சள். திறந்தேன். மறுநாள் முதலாளி கூப்பிட்டு, "மெக்கானிக் வெச்சதத் தொட்டது யாரு?" என்றார். நான்தான் என்றேன். "இனிமே தொட்டா உனக்கு வேலை இல்ல." சரி என்று தொடாமல் இருந்தேன். சாயங்காலம் சிம்னியிலிருந்து கறுப்பாக வந்தது. மாத்திரைக் கம்பெனியிலிருந்து பழையபடி ஆள் வந்துவிட்டார். தொட்டாலும் நான், தொடாவிட்டாலும் நான். மாசக் கடைசியோடு கணக்கு முடித்துக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வீடு மாற்றக் கட்டி வைத்த பாத்திர மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

நீ ஜெயித்துவிட்டாய். மெக்கானிக்கே உன் கோடுதான் சரி என்று சொல்லியாகிவிட்டது. உன் வீட்டில் அப்போது நிறைமாதம். வாயை மூடிக்கொண்டு உன் வேலையைப் பார்த்திருந்தால் ஒருவனும் உன்னைக் குறை சொல்லியிருக்க மாட்டான். நான் சொல்லியிருப்பேன், ஆனால் நான் எப்போதும் சொல்கிறவன்தானே. நீ நேராக முதலாளி அறைக்குப் போனாய். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"சார், மெக்கானிக்கு காலைலதான வந்தாரு? சாயங்காலம் வர்லியே. கொஞ்ச நாளைக்கு ஷிப்ட்ட மாத்தி வுடுங்க. நான் ரெண்டாவது பாக்கறேன், அவன் மொதல்ல வர்ட்டும்."

"உனக்கென்னய்யா வந்துச்சு? நீதான் சரின்னு ஆயிடுச்சே."

"இல்ல சார். அவன் மொறைப்பான், கத்துவான். பொய் சொல்ல மாட்டான். அவன் மஞ்சளா கீதுன்னா கீது."

"மாத்திப் பார்த்து உன் கைதான் தப்புன்னு தெரிஞ்சா உன்னையும் அனுப்பிருவேன், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

வெளியே வந்து என்னைப் பார்த்து, "இன்னா மொறைக்கிற? நாளைக்கு சீக்கிரம் எந்திரி" என்றாய்.

மறுநாள் விடிகாலை வந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? புதுச் சிலிண்டரை மாட்டியதும் முதல் வேலையாக டேம்பரை என் புள்ளிக்குத் திருப்பினேன். உன் கோட்டை ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான். தீ பிடித்ததுமே பர்னரை விட்டு எகிறி நின்று இரைய ஆரம்பித்தது. அடங்கும் அடங்கும் என்று பார்த்தேன். அணைந்து டிரிப் ஆனது. மறுபடி பற்றவைத்தேன், மறுபடி அணைந்தது. "ஸ்டீம் எங்கடா?" என்று அச்சுப் பிரிவிலிருந்து கத்துகிறார்கள். வேறு வழியில்லாமல், நகத்தைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மூடினேன். சத்தம் குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் தீ நீலமாக நின்றது. எங்கே என்று பார்த்தேன். நீ அரத்தால் கீறிய கோடு.

மத்தியானம் நீ வந்தாய். டேம்பரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். சிரிப்பாய் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டேன். வேலை போனது போனதுதான் என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த நாள் காலை வந்து பாய்லர் ரூமைத் திறந்தேன். டேம்பர் என் சிவப்புப் புள்ளியில் இருந்தது.

நீ வைத்தது. உன் கையால் திறந்து, என் புள்ளியில் நிறுத்தி, தகடு நகராமல் பிடிக்கும் விங் நட்டை இறுக்கிவிட்டுப் போயிருந்தாய். நான் அதைத் தொட்டுப் பார்த்தபடி நின்றிருந்தபோது பின்னால் சைக்கிள் மணி கேட்டது. வீட்டில் தூங்க வேண்டிய ஆள் வாசலில் நிற்கிறாய், கண்ணெல்லாம் சிவந்து.

"பாத்தியா மச்சான்? சாயங்காலம் ஆனா அந்தக் கேஸுக்கு உன் புள்ளிதான் ஒத்து வருது. மூடி மூடிப் பாத்தேன், மஞ்சளாவே நிக்கிது. கண்ணு இன்னும் எரிது."

"காலையில உன் கோடுதான்டா" என்றேன்.

முதலாளி வந்ததும் இருவரும் போய் நின்றோம். "சார், அவன் கரீட்டு" என்றாய்.

"அப்ப நீ தப்பா?"

"நானும் கரீட்டுதான் சார்."

"ரெண்டு பேரும் கரெக்டுன்னா ஒரே டேம்பர்ல எப்படிய்யா?"

"அது தெர்ல சார். காலைல வர்ற கேஸ் வேற, சாயங்காலம் வர்ற கேஸ் வேற மாரி கீது."

அவர் நம்பாமல் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். போனை வைக்கும்போது முகம் மாறியிருந்தது. சிலிண்டருக்குள் இருப்பது இரண்டு கேஸின் கலவையாம். லேசானது முதலில் ஆவியாகி வந்துவிடுமாம். கனமானது கடைசியில் வருமாம். அதற்குக் காற்று அதிகம் வேண்டுமாம். போதாததற்கு மத்தியான வெயிலில் காற்றும் இளைத்துப்போயிருக்கும். மெக்கானிக் வைத்ததும் தப்பில்லை, அவர் வந்த நேரத்துக்கு அது சரி. அவ்வளவு வருஷமாக உன்னுடைய சரியான நேரத்தில் நீயும், என்னுடைய சரியான நேரத்தில் நானும் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். முதலாளி, "ரெண்டு குறியும் அப்படியே இருக்கட்டும், போய் வேலையப் பாருங்க" என்றார். என் வேலை தங்கியது.

வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "கேஸ் தீரப் போறப்ப அடுப்பு செவப்பா எரியும்னு எங்களுக்கெல்லாம் தெரியும். இதுக்கு ரெண்டு பேரு சர்டிபிகேட் வேற வச்சிருக்கீங்க" என்றாள். உன்னிடம் வந்து சொன்னேன். "தங்கச்சிய வேலைக்கு வரச் சொல்லு, நாம ஊட்ல கெடக்கலாம்" என்றாய்.

பழையபடி உனக்குக் காலை, எனக்கு மத்தியானம். அதன் பிறகும் சண்டை போட்டோம், ஆனால் பழக்கத்துக்காகத்தான். நான் வரும் நேரம் பார்த்து நீயே புள்ளிக்குத் திருப்பி வைத்திருப்பாய். ஆயுத பூஜை அன்று மட்டும்தான் இருவரும் ஒரே நேரத்தில் பாய்லர் ரூமில் உட்கார்ந்திருப்போம். அன்றைக்கு பாய்லர் எரியாது. புளோயருக்கு மாலை போட்டு, பொரியைக் கொறித்துக்கொண்டு, அணைந்த பர்னருக்கு முன்னால் காலை நீட்டி உட்காருவோம். நீ சந்தனத்தைக் குழைத்து என் புள்ளிக்கு வைப்பாய். நான் உன் கோட்டுக்கு வைப்பேன். ஒருநாள் இருவரும் சேர்ந்து லீவு போட்டு எங்காவது போக வேண்டும் என்று ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பேசுவோம். நீ லீவு என்றால் நான் பாய்லரில் நிற்க வேண்டும், நான் லீவு என்றால் நீ. அதனால் போகவே இல்லை. உன்னோடு ஒரு முழுப் பகல் நான் இருந்ததே இல்லை.

அந்த மத்தியானத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். நான் கம்பெனி கேட்டுக்கு வரும்போதே சத்தம் கேட்டது. தீ இரைகிற சத்தம். முந்தின நாள் நான் புள்ளியில் விட்டுப்போன டேம்பரை யாரும் கோட்டுக்குக் கொண்டுவரவில்லை. அப்படியென்றால் நீ வரவில்லை. வாட்ச்மேன் வாயைத் திறப்பதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே அச்சுப் பிரிவு ஃபிட்டர், காலையிலிருந்து அணைந்துகொண்டே இருந்த பாய்லரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சிலிண்டரில் பனி பூத்திருந்தது. அதன் மேல் துண்டு இல்லை.

விடியற்காலையில் நெஞ்சு வலி என்றாயாம். சைக்கிளை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் சொன்னாயாம். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கூட நீ இருக்கவில்லை. கள்ளிக்குப்பத்தில் உன் வீட்டு வாசலில் அந்தச் சைக்கிள் எடுத்து வைத்தபடியே நின்றிருந்தது. உன் மகள் அதன் மணியை அடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயசு.

உன் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கவில்லை. வேலை குறைந்துவிட்டது, ஒரே ஷிப்ட் போதும் என்றார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நான்தான். காலையில் மூடினேன், சாப்பாட்டுக்குப் பிறகு திறந்தேன். கோட்டுக்குத் திருப்பும்போதெல்லாம் "போதும் வுடு மச்சான்" என்று கேட்கும். புள்ளிக்குத் திருப்பும்போது நான் யாரைத் திட்டுவேன்? ரிட்டயர் ஆகும்வரை இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்தேன். துண்டை மட்டும் நனைத்து வைத்ததில்லை. அதை நானே எனக்கு வைத்துக்கொள்ள முடியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே புதுச் சிலிண்டர் வந்துவிட்டது. மருமகள் மாட்டிப் பற்றவைத்தாள். காலையில் நான் திறந்து வைத்த வளையம் அப்படியே இருந்ததால் தீ எகிறி நின்று உஸ்ஸென்று இரைந்தது.

"மாமா, சத்தம் போடுதே. வந்து மூடுங்களேன்."

போய்ப் பக்கத்தில் நின்றேன். குனியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். "என்ன மாமா?"

"இரும்மா" என்றேன். "மூடுற ஆளு வர்ற நேரம்தான்."

பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளும் என்னோடு நின்றாள். கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு நான் குனிந்து, உன் கோட்டுக்குத் திருப்பினேன்.